ஸ்பின்னர் பின்னாலேயே வந்து திரும்பிவிடும் ட்ரவுட்

நண்பரே, நீலகிரியில் எமரால்டு பக்கத்து ஓடையில் ட்ரவுட் மீன் ஸ்பின்னரை (சுழலும் தகடு வைத்த தூண்டில் முள்) துரத்தி வந்து கரைக்கு அருகில் திரும்பிவிடுகிறது, தூண்டில் நரம்பும் முறுக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முறுக்கலுக்கு, ஸ்பின்னருக்கு ஒன்றரை அடி முன்னால் ஒரு ஸ்விவல் (தானே சுழலும் சின்ன இணைப்பு வளையம்) கட்டினால் போதும். மலிவானது சுற்றவே சுற்றாது, விரலில் உருட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மீன் திரும்புவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நீங்கள் ரீலை ரொம்ப வேகமாகச் சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பின்னர் விழுந்ததும் தூண்டில் கம்பை வெடுக்கென்று ஒருமுறை சுண்டி இழுங்கள். தகடு அப்போதுதான் சுழலத் தொடங்கும். அப்புறம் கம்பு நுனியில் அந்த மெல்லிய துடிப்பு நிற்காத அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றினால் போதும். மீன் பின்னால் வருவது தெரிந்தால் அரை நொடி நிறுத்தி, தகடு துவண்டு அமிழும்போது மறுபடி இழுங்கள். கடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். அதனால் ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நின்று, ஓட்டம் வரும் பக்கம் நோக்கிச் சாய்வாக எறிந்து, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இழுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் குனிந்தே போக வேண்டும். உங்கள் நிழல் விழுந்தால் கதை முடிந்தது.

அளவில் 0 அல்லது 1ஆம் எண் ஸ்பின்னர் போதும். மேகமூட்டத்துக்கு வெள்ளித் தகடு, வெயிலுக்குச் செம்புத் தகடு என்பது என் பழக்கம். இங்கே இருப்பது ரெயின்போ ட்ரவுட். அவலாஞ்சியில் 1907லேயே அதற்குக் குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது.

போகுமுன் மீன்வளத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறையிடமும்.