அப்பாவுக்கு வைட்டமின் சி ஏற்றச் சொல்லலாமா?

செப்சிஸோடு (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) ஐசியூவில் இருக்கும் அப்பாவுக்கு வைட்டமின் சி-யை நரம்பு வழியாக ஏற்றச் சொல்லி டாக்டரிடம் வற்புறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

செப்சிஸில் வைட்டமின் சி கொடுத்தவர்களிடம் இறப்பு குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது என்று உங்கள் உறவினர் அனுப்பிய செய்தி பொய்யில்லை, பழசு. 2017-இல் வந்த அந்தச் சிறிய ஆய்வில் வைட்டமின் சி, ஸ்டீராய்டு, தயமின் (வைட்டமின் பி1) மூன்றும் பெற்ற 47 பேரில் இறப்பு 8.5 சதவீதம், முந்தைய மாதங்களில் அது இல்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் சுமார் 40. படித்ததும் எனக்கும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல அது. அப்படிப் பிரித்து 872 பேரிடம் நடத்திய லோவிட் ஆய்வு 2022-இல் வந்தது. 28-ஆம் நாளில் இறந்திருந்தவர்களும் உறுப்புகள் இன்னும் தேறாதவர்களும் சேர்ந்து, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5.

அப்புறம், அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. விரலில் குத்திப் பார்க்கும் சில கருவிகள் ரத்தத்திலுள்ள வைட்டமின் சி-யையும் குளுக்கோஸாக எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை சரிந்துவிடும். மயக்க மருந்தில் இருப்பவரால் படபடக்கிறது என்று சொல்லவும் முடியாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால், வைட்டமின் சி-யிலிருந்து உண்டாகும் ஆக்சலேட் படிகங்கள் அதில் சேரும் ஆபத்து வேறு.

ஏற்கெனவே ஏற்றத் தொடங்கியிருந்தால், சர்க்கரையை லேபில் பார்க்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். எந்தக் கிருமி என்று காட்டும் ரத்தக் கல்ச்சர் முடிவு வந்ததா, அதற்கேற்ப ஆன்டிபயாடிக்கை மாற்றினார்களா என்பதையும் கேளுங்கள்.