குளத்தில் நேராக நீந்துபவர்கள் கடலில் ஏன் வழி விலகிப் போகிறார்கள்?

நீச்சல்குளத்தில் தரையிலுள்ள கறுப்புக் கோடு உங்களை நேராக வைத்திருக்கிறது. கடலிலோ ஏரியிலோ அது கிடையாது. அதனால் நீந்திக்கொண்டே அவ்வப்போது கண்ணை நீருக்கு மேலே எடுத்துத் திசை சரிபார்க்க வேண்டும். இதைத்தான் திசை பார்த்தல் என்கிறோம்.

விலகுவதற்குக் காரணம் அலை மட்டுமல்ல. அநேகமாக எல்லோருக்கும் ஒரு கை மற்றதைவிட வலுவாக இழுக்கும்; ஒரே பக்கம் மூச்சு வாங்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒரு டயரில் காற்று குறைந்த கார் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோலத்தான். இப்படி விலகி 5 கிலோமீட்டரில் பத்து சதவீதம் தூரம் கூடினால் அரை கிலோமீட்டர் வீண்.

6 முதல் 10 கைவீச்சுக்கு ஒருமுறை பாருங்கள். கை முன்னே நீளும்போது கண்ணை மட்டும் நீருக்கு மேல் கொண்டுவந்து, உடனே தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குங்கள். வாயையும் சேர்த்துத் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழும், கழுத்து வலிக்கும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அலை உங்களை மேலே தூக்கும் கணத்தில் பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும்.

வழி காட்ட நீரில் விடும் மிதவை அலையில் மறைந்துவிடும். அதற்குப் பின்னால் கரையில் உயரமான மரமோ கோபுரமோ ஒன்றை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் இரண்டு அடையாளம் இருந்தால் இன்னும் நல்லது: அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நீங்கள் அந்தக் கோட்டிலிருந்து விலகுகிறீர்கள் என்று அர்த்தம்; நீரோட்டம் தள்ளுவதாலும் இருக்கலாம்.

முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவரும் வழி விலகியிருக்கலாம்.