‘பணத்தைப் புரிந்துகொள்வான்’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் (அவனுக்கென்று தனியாகக் கற்றல் இலக்குகளை எழுதும் ஆவணம்) ‘பணத்தின் மதிப்பைப் புரிந்துகொள்வான்’, ‘சாலை விதிகளை அறிவான்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒரு தனியார் மையம் 6,000 ரூபாய்க்கு வேறு திட்டம் எழுதித் தருவதாகச் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம், மையத்திற்கும் போக வேண்டாம். புரிந்துகொள்வதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், ஆண்டு முடிவில் ‘புரிந்துகொண்டான்’ என்று ஆசிரியர் எழுதினாலும் ‘இல்லை’ என்று நீங்கள் மறுத்தாலும் எதையும் நிறுவ வழியிருக்காது.

முதலில் அவனுடைய இன்றைய நிலையை எழுதச் சொல்லுங்கள்: ‘நாணயங்களைப் பத்து வரை எண்ணுகிறான், 10 ரூபாய் நோட்டையும் 20 ரூபாய் நோட்டையும் மாற்றி எடுக்கிறான்.’ அதிலிருந்து இலக்கு பிறக்க வேண்டும்: ‘மேசையில் கலந்து வைத்த 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் கேட்ட நோட்டை, எவரும் கைகாட்டாமல், ஐந்து முறை கேட்டால் நான்கு முறை சரியாக எடுத்துத் தருவான், மூன்று மாதத்திற்குள்.’ இதை உங்கள் வீட்டிலேயே நீங்கள் சோதித்துப் பார்த்துவிடலாம். வீட்டில் கைவந்த பிறகு தெருமுனைக் கடையில் அதே திறன் அடுத்த இலக்காகும்.

ஆனால் ‘ஐந்துக்கு நான்கு’ என்ற அளவைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஐந்து முறை கடப்பவன் ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ‘சாலையைக் கடப்பான், 80 சதவீதம்’ என்று எழுதிய திட்டங்களை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். அடுப்பு, மாத்திரை, மின்சாரம் ஆகியவற்றிற்கும் இதுவே பொருந்தும். இங்கே பெரியவர் கையைப் பிடித்திருக்கும்போதே ‘நின்று, வண்டி வருகிறதா என்று இருபுறமும் பார்த்து, வரவில்லை என்று அவனே சொன்ன பிறகே காலெடுத்து வைப்பான், ஒவ்வொரு முறையும்’ என்று எழுத வேண்டும். தனியே விடுவது அதற்குப் பின் வரும் முடிவு.

அந்த மையத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தையைப் பார்க்காமலே திட்டம் எழுதுபவர் நகலெடுத்துத் தருபவர்தான்; இப்படி விலைக்கு வாங்கிய ஒரு திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில் வேறொரு குழந்தையின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவில்லாமல் இத்தொழில் செய்வது அக்கவுன்சிலுக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவருக்கும் வேண்டிய ஆதரவைத் தரும் பொறுப்பையும் முன்னேற்றத்தைக் கண்காணிக்கும் பொறுப்பையும் பள்ளிகளுக்குச் சொல்கிறது. நடப்பில் ஆய்வுக்கு வருபவர்கள் கோப்பைத்தான் புரட்டுகிறார்கள். பையனிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கூட நீட்டிப் பார்ப்பதில்லை. இத்திட்டத்தை எழுதும், பல பள்ளிகளுக்கு ஓடும் சிறப்புப் பயிற்றுநரை நான் குறை சொல்ல மாட்டேன். எனவே வட்டார வள மையத்தில் அவரைச் சந்தித்து, அவன் எதைச் செய்கிறான், எதில் தடுமாறுகிறான் என்று ஒருவார காலம் தேதியுடன் நீங்கள் குறித்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, இன்றைய நிலை என்ற பத்தியை அதிலிருந்தே எழுதும்படி கேளுங்கள். எழுதிய பிறகு கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வாங்கி வாருங்கள்.