கீழே ஊற்றிவிடாதீர்கள், அது கெட்டுப்போகவில்லை

பாரிஸில் வாங்கி வந்த ஷாத்தோ-ஷாலோன் வெள்ளை ஒயின் பழுப்பு மஞ்சளாக இருக்கிறது, வெந்தய வாடை அடிக்கிறது, போதாக்குறைக்கு பாட்டிலில் 620 மில்லிதான் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றுமே அந்த ஒயினின் அடையாளம்தான்.

பிரான்ஸின் கிழக்கே ஜூரா மலைப்பக்கம் சாவன்யாங் திராட்சையில் செய்யும் 'வான் ஜோன்' அது, மஞ்சள் ஒயின் என்று அர்த்தம். மற்ற இடங்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள், மேலே ஈஸ்ட் பாலாடை மாதிரி மெல்லிசாகப் படர, அறுவடை முடிந்து ஆறாம் வருட டிசம்பர் வரைக்கும் பாட்டிலில் அடைக்கவே கூடாது. ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 620 மில்லி என்று கணக்கு, அதற்குத்தான் அந்தக் குட்டை பாட்டில். அந்த வாடைக்குக் காரணம் சொட்டோலோன் என்ற மணப்பொருள், நம் வெந்தயத்தில் இருப்பதும் அதேதான். உங்கள் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை!

நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ வினிகர் நெடியோ தூக்கலாக அடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தீர்களா? அதுதான் தப்பு. சில மணி நேரம் முன்பே திறந்து வைத்து, 15 டிகிரி வாக்கில், சின்னச் சின்ன வாயாக, கோம்தே சீஸும் வால்நட்டும் வைத்துக் குடித்துப் பாருங்கள். எனக்கும் முதல் வாய் பிடிக்கவில்லை, மூன்றாவது நாள்தான் பிடிபட்டது. அவசரமில்லை, மூடி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும்.