காலடி மின்சாரத்தை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

சார், நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், மிதித்தால் எல்இடி எரிகிற பலகை ஒன்றைச் செய்து கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்கிறாள், இனி இதைத்தான் படிப்பேன் என்கிறாள், ஒரு கல்லூரிக்காரர் 'எனர்ஜி ஹார்வெஸ்டிங்' என்று பெயர் வைத்த பட்டப்படிப்பைக் காட்டி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா என்கிறீர்கள். கட்டாதீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ ஆள் மிதித்து, தரையில் பதித்த மின்சார ஓடு 5 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் கிடைப்பது சுமார் 3 ஜூல். உங்கள் மகள் செய்ததுபோல, அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ பொருளை வைத்த ஓடு அவ்வளவு இறங்கவே இறங்காது, அது வேறு. ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல், அப்படியென்றால் 12 லட்சம் மிதி. உங்கள் வீட்டு 75 வாட் ஃபேன் ஒரு மணி நேரம் சுற்ற 90,000 தடவை மிதிக்க வேண்டும்! டோக்கியோ ரயில் நிலையத்தில் ஜனம் நெரிகிற டிக்கெட் கேட் தரையிலேயே 2006-லும் 2008-லும் கிழக்கு ஜப்பான் ரயில்வே பீசோ வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஆனால் அந்த நிலையம் இன்று அதில் ஓடவில்லை. லண்டனில் 2009-ல் தொடங்கிய பேவ்ஜென் நிறுவனத்தின் ஓடுகள் பேர் பெற்றவை, ஆனால் அவற்றில் வேலை செய்வது பீசோ இல்லை, காந்தமும் கம்பிச்சுருளும்தான்.

அதற்காக மகளிடம் "இதெல்லாம் வேஸ்ட்" என்று சொல்லிவிடாதீர்கள். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த இந்த பீசோ விளைவு உங்கள் சமையலறை கேஸ் லைட்டரில் இருக்கிறது, ஸ்கேன் சென்டரில் வயிற்றில் வைக்கிற அந்தக் கருவியில் இருக்கிறது, தண்ணீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் கப்பற்படை சோனாரில் இருக்கிறது. வேலைகள் இந்தப் பக்கம்தான், சென்சார் பக்கம்.

அவளுக்கு இதில் எது பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தப் பலகையின் அடியில் பித்தளை வட்டும் நடுவில் வெள்ளைப் பீங்கானுமாக நாலைந்து வில்லைகள் ஒட்டியிருப்பாள், மீட்டரில் 20 வோல்ட் காட்டியது என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருப்பாள். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் இணைத்து, நூறு தடவை மிதித்துவிட்டு எத்தனை வோல்ட் ஏறியது என்று பார்க்கச் சொல்லுங்கள். சேர்ந்தது எவ்வளவு குறைவு என்று தெரிந்ததும் முகம் வாடும். வாடட்டும், அடுத்து என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள்.

"சர்க்யூட்டை மாற்றினால் கூடுமா?" என்றால் இசிஇ அல்லது ட்ரிபிள்இ. "இந்த வெள்ளைப் பொருள் என்ன, வேறு எதில் செய்யலாம்?" என்றால் மெட்டீரியல்ஸ், ஐஐடி மெட்ராஸிலும் திருச்சி என்ஐடியிலும் உலோகவியலோடு சேர்த்து அந்தப் பாடம் உண்டு. ஜேஇஇ சரிப்படாவிட்டால் நல்ல கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் சேர்ந்து, பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்எஸ்சிக்கு ஐஐடி போகலாம். நான் இந்த வழியைக் கூச்சமில்லாமல் சொல்வேன், நம் ஊரில் பிஎஸ்சி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். கேள்வியே கேட்காமல் பலகையை மூலையில் வைத்துவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்குப் பிடித்தது மேடையாக இருக்கலாம்.

அந்தப் புதுப்பெயர்ப் பட்டத்தில் இன்னொரு சிக்கல். அரசு வேலை அறிவிப்புகளில் எந்தெந்தப் பட்டம் செல்லும் என்று பெயர் போட்டே கேட்பார்கள், இது அதில் இல்லையென்றால் சமமானது என்று சான்று வாங்க அலைய வேண்டும்.

கெப்பாசிட்டர் வாங்க ஐம்பது ரூபாய்கூட ஆகாது. கவுன்சலிங்கில் சாய்ஸ் போடுவதற்கு முன் செய்து பார்த்துவிட்டு, அவள் என்ன கேட்டாள் என்று எழுதுங்கள்.