மண்ணடி ஷிப்பிங் ஆபீஸ்ல சேரப்போற தம்பிக்கு: மெயில் எழுத எந்த ஏஐ?

தம்பி, நேத்து ராத்திரி உங்க அம்மா போன் பண்ணாங்க, பையனுக்கு மண்ணடில ஷிப்பிங் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் வேலை கெடச்சிருக்கு, இங்கிலீஷ் மெயில் எழுதணும்னு பயந்துபோய் மாசாமாசம் காசு கட்டி ஏதோ ஏஐ வாங்கணும்ங்கிறான், வாங்கலாமா சார்னு கேட்டாங்க. தண்டையார்பேட்டைல என்கிட்ட வர்ற பசங்க நெறைய பேருக்கு இதே பயம்தான், அதனால உனக்கே எழுதுறேன். இப்போதைக்கு ஒத்த பைசா கட்டாத.

மொதல்ல ஆபீஸ்ல எந்த மெயில்னு பாரு. ஜிமெயில்னா ஜெமினி, அவுட்லுக்னா கோபைலட், சோஹோ மெயில்னா ஸியான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏஐ உள்ளயே இருக்கு, ஆனா உனக்கு அது வருமா வராதாங்கிறது ஆபீஸ் எடுத்திருக்கிற பிளானைப் பொறுத்தது. வந்துச்சுன்னா அதையே வெச்சுக்கோ, ஏன்னா மெயில் ஏற்கனவே அங்கதான் கெடக்கு, வெளிய எங்கயும் காப்பி பண்ணி ஒட்ட வேணாம். வரலைன்னா மேனேஜர்கிட்ட நேரா கேட்டுடு, சார் இங்க ஏஐ யூஸ் பண்ணலாமா, எது யூஸ் பண்ணட்டும்னு. இதைக் கேக்குறதுல ஒரு அவமானமும் இல்ல. 2023ல சாம்சங்ல இன்ஜினியருங்க கம்பெனியோட சாஃப்ட்வேர் கோடை (code) சாட்ஜிபிடில போட்டு, அப்புறம் கம்பெனி இந்த மாதிரி ஏஐக்கே தடை போட்டுச்சு. உன் ஆபீஸ்ல கோடு இல்ல, ஆனா ஒரு பார்ட்டிக்குக் குடுக்குற ஃப்ரெய்ட் ரேட், அதாவது சரக்குக் கட்டணம், இருக்கு பாரு, அதுதான் அங்க உயிர், லிங்கிச் செட்டித் தெருவுல பக்கத்து மாடியிலயே போட்டிக்காரன் உக்காந்திருப்பான். உன் சொந்த ஃப்ரீ அக்கவுன்ட்ல ரேட்டு, பார்ட்டி பேரு, பி.எல். (கப்பல் சரக்கு ரசீது, பில் ஆஃப் லேடிங்) காப்பி எதையும் போடவே போடாத. இங்கிலீஷ் திருத்துற கிராமர்லி எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், நீ அடிக்கிறதைப் படிச்சாத்தானே அது திருத்தும், கேக்காம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தாத.

அடுத்து, எது நல்லாருக்குன்னு எப்படிப் பாக்குறது. அழகான இங்கிலீஷை எல்லாமே எழுதும், அதைப் பாத்து மயங்காத. நீ குடுத்த விஷயத்தை மாத்தாம வெச்சிருக்கான்னு பாரு. டெமரேஜ்ங்கிறது போர்ட்டுக்குள்ள பாக்ஸ் (கன்டெய்னர்) நாள் தாண்டிக் கெடக்குறதுக்குக் கட்டுற காசு, டிடென்ஷன்ங்கிறது வெளிய எடுத்துட்டுப் போன பாக்ஸை லேட்டா திருப்பி விடுறதுக்கு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு அது ஒரு வார்த்தைய மாத்திப் போட்டா உன் பார்ட்டி வேற பில்லுக்கு சண்டை போடுவாரு. கன்டெய்னர் நம்பர் நாலு எழுத்து, ஏழு நம்பர், ஒவ்வொண்ணா வெரல் வெச்சு சரிபாரு.

போன வருஷம் என் மூலமா வேலைக்குப் போன ஒரு பொண்ணு, ஃப்ரீ டேஸ் (காசில்லாம பாக்ஸை வெச்சுக்கிற நாள்) முடிஞ்சிடுச்சு, டிடென்ஷனைக் கொஞ்சம் கொறைச்சுக் குடுங்கன்னு கேக்கச் சொல்லி ஏஐகிட்ட குடுத்துச்சு. அது நடுவுல 'அஸ் பர் அவர் அக்ரிமென்ட்' (நம்ம ஒப்பந்தப்படி)னு தானா ஒண்ணைச் சேத்துடுச்சு, அந்தப் பொண்ணு பாக்காம அனுப்பிடுச்சு. ஷிப்பிங் லைன்ல, அதாவது கப்பல் கம்பெனியில இருந்து, எந்த அக்ரிமென்ட், காப்பி அனுப்புங்கன்னு பதில், மேல முதலாளிக்கும் சிசி. அழுதுகிட்டே எனக்கு போன் பண்ணுச்சு பாவம். அந்த மெயில்ல கிராமர் தப்பு ஒண்ணு கூட கிடையாது.

அதனால மொதல்ல நீயே ஒடஞ்ச இங்கிலீஷ்ல நாலு வரி அடி, வரலைன்னா தமிழ்லயே சொல்லு, இப்ப அதுங்களுக்குத் தமிழ் புரியுது. அப்புறம், இதைத் திருத்து, புதுசா எதுவும் சேக்காதன்னு சொல்லு. வந்ததை உன்னுதோட பக்கத்துல வெச்சு, எங்க மாத்துச்சு ஏன் மாத்துச்சுன்னு பாத்துட்டு அனுப்பு. மூணு மாசம் இப்படிப் பண்ணா பழக்கமான மெயில் எல்லாம் உனக்கே கைல வந்துடும், இது என் பசங்ககிட்ட நான் பாத்தது. அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போறப்ப, போனை வெளிய வெச்சுட்டு இங்க உக்காந்து ஒரு மெயில் அடி பாக்கலாம்னு சொல்ற ஆபீஸும் இருக்கு, அன்னிக்கு உன் கைதான் உதவும்.

சேர்ந்து ஒரு வாரம் ஆனதும் ஞாயித்துக்கிழமை வா. நீ எழுதுன மெயில்ல மூணு, பார்ட்டி பேரு ரேட்டு எல்லாம் அழிச்சுட்டு ஒரு நோட்டுல கையால எழுதி எடுத்துட்டு வா, உக்காந்து பாக்கலாம். அம்மாகிட்ட அந்தக் காசை மெட்ரோ கார்டுல போடச் சொல்லு.