கர்னல் மெக்கார்மிக்கின் வானொலிப் போர் உரைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாளிதழ் முதலாளி ஒருவர் வானொலியில் போர் வரலாறு பேசும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: ராபர்ட் மெக்கார்மிக் (1880–1955) 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழின் பதிப்பாளர், டபிள்யூ.ஜி.என். வானொலி நிலையமும் அதே நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1940-இல் அந்நிலையம் 'சிகாகோ தியேட்டர் ஆஃப் தி ஏர்' என்ற இசை நாடக நிகழ்ச்சியைத் தொடங்கி, மியூச்சுவல் ஒலிபரப்பு அமைப்பின் வழியாகப் பல மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது. மரியன் கிளேர் போன்றோர் பாடிய அந்த நிகழ்ச்சியின் இடைவேளையில், நிலையத்தின் உரிமையாளரே ஒலிவாங்கியின் முன் வந்து பழைய போர்களைப் பற்றிப் பேசுவார். பாட்டைக் கேட்க வந்தவர்கள் அடுத்த அங்கத்துக்காகக் காத்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தை இவ்வளவு கடினமான பொருளுக்கு ஒதுக்க வேறு எந்த நிலைய இயக்குநரும் துணிந்திருப்பாரா என்பது ஐயமே.

கேள்வி: 'கர்னல்' என்பது வெறும் பட்டமா, உண்மையிலேயே படையில் இருந்தாரா?

பதில்: இருந்தார். 1915-இல் ரஷ்யப் போர்முனைக்குச் செய்தியாளராகச் சென்று, பார்த்தவற்றை நூலாக எழுதினார். 1916-இல் இல்லினாய் தேசியக் காவல் படையின் குதிரைப் படையோடு மெக்சிகோ எல்லைக்குச் சென்றார். முதல் உலகப் போரில் பிரான்சு சென்று, முதலில் அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தலைவரான பெர்ஷிங்கின் தலைமையகத்திலும், பின்னர் முதலாம் டிவிஷனின் பீரங்கிப் படையிலும் பணியாற்றினார். அந்த டிவிஷன் 1918 மே 28 அன்று கான்டினி என்ற சிற்றூரைக் கைப்பற்றியது. அமெரிக்கர்கள் அந்தப் போரில் நடத்திய முதல் பெரிய தாக்குதல் அதுவே. இல்லினாயில் வீட்டன் நகருக்கு அருகே இருந்த தமது பண்ணைக்கு அவர் சூட்டிய பெயரும் கான்டினிதான். தாக்குதல் நாளன்று அவர் களத்தில் இருந்தாரா, நோயுற்றிருந்தாரா என்ற விவாதம் உண்டு. ஆயினும் பீரங்கிக் குழுவின் அன்றாட வேலையை நேரில் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

கேள்வி: அவர் மிகவும் போற்றிய தளபதி யார்?

பதில்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையை நடத்திய யுலிசிஸ் கிராண்ட். அவரைப் பற்றி 1934-இல் ஒரு நூலும், அவர் கிழக்குப் போர்முனைக்கு வருவதற்கு முன் அங்கு நடந்த போர்களைப் பற்றி 1950-இல் இன்னொரு நூலும் மெக்கார்மிக் எழுதினார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஜோசப் மெடில், லிங்கன் 1860-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராவதற்குத் துணைநின்ற பத்திரிகையாசிரியர் என்பதால், உள்நாட்டுப் போர் அவருக்குக் குடும்பக் கதையாகவும் இருந்தது.

தோற்ற தரப்பான தெற்கு மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயின் புகழ் ஓங்கி, கிராண்ட் ஆட்களை வாரி இறைத்து வென்றவர் என்று இழித்துப் பேசப்பட்ட காலம் அது. அந்தக் கருத்து எவ்வளவு தவறானது என்பதற்கு 1863-ஆம் ஆண்டின் விக்ஸ்பர்க் போர் ஒன்றே போதும். மிசிசிப்பி ஆற்றின் வளைவில் உயரமான கரைமீது தெற்குப் படையினர் காத்துவந்த அந்த நகரை வடக்கிலிருந்து நெருங்க முடியாமல் போகவே, கிராண்ட் தம் படையை மேற்குக் கரை வழியே தெற்கே நடத்திச் சென்றார். இரவில் கோட்டைப் பீரங்கிகளைக் கடந்து வந்த கப்பல்களின் உதவியுடன் ஏப்ரல் 30 அன்று ஆற்றைக் கடந்தார். பின்புலத்திலிருந்து வரும் உணவை முழுதும் நம்பியிராமல், வழியிலிருந்த பண்ணைகளிலிருந்தே படையின் வயிற்றை நிரப்பினார். மே 1 முதல் 17 வரை ஐந்து சண்டைகளில் வென்று நகரை முற்றுகையிட்டார். ஜூலை 4 அன்று 29,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் சரணடைந்தனர். ஆறு, சாலை, உணவு வண்டி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு ஒரு போரை விளக்குவது பீரங்கிப் படையினருக்கு இயல்பான பார்வை. மெக்கார்மிக்கின் வலிமையும் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: அந்த உரைகளில் அவருடைய அரசியல் கலந்திருந்ததா?

பதில்: கலந்திருந்தது. அவர் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டின் கடும் எதிரி. ஐரோப்பியப் போரில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்று வாதிட்டவர். பிரிட்டன்மீது ஆழ்ந்த ஐயம் கொண்டவர். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பேசும்போது அந்த ஐயமும் உடன் வந்துவிடும். வானொலி உரிமம் பெற்றவர் தம் நிலையத்தைத் தம் கொள்கைப் பரப்புரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையம் 1941 ஜனவரியில் தீர்ப்பளித்திருந்தது. 1949-இல்தான் அந்த நிலை தளர்ந்தது. அந்த ஆண்டுகளில், பழைய போர்களைப் பற்றிய பேச்சு நிகழ்கால அரசியலுக்கும் ஓர் இடம் கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: போரை இவ்வளவு அறிந்தவரின் நாளிதழ் இராணுவ இரகசியங்களை எப்படி வெளியிட்டது?

பதில்: இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் 4 அன்று, 1 கோடி பேர் கொண்ட படையைத் திரட்டும் அரசின் போர்த் திட்டத்தை டிரிபியூன் வெளியிட்டது. அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற வாதத்துக்கு அங்கே இடமுண்டு. 1942 ஜூன் 7 அன்று, பசிபிக் கடலில் ஜப்பானியருடன் நடந்த மிட்வே கடற்போரைப் பற்றி வந்த செய்தி வேறு வகை. ஜப்பானியரின் திட்டம் கடற்படைக்கு முன்பே தெரியும் என்று அது எழுதியதால், எதிரியின் சங்கேத மொழி உடைக்கப்பட்டது வெளியாகியிருக்கக்கூடும். வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பெருநடுவர் குழு குற்றம் சாட்ட மறுத்தது. சட்டம் விட்டுவிட்டாலும், முன்னாள் படை அதிகாரி ஒருவரின் நாளிதழ் இதைச் செய்தது மன்னிக்கத்தக்கதன்று.

கேள்வி: மாணவர்கள் இவ்வுரைகளை இன்று படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படிக்கலாம். உரைகளின் எழுத்து வடிவம் டிரிபியூனிலேயே அச்சானது. கிராண்டைப் பற்றிப் படிக்கும்போது கிராண்டின் தன்வரலாற்றையும், அந்தப் போர்முனைகளின் நிலப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் போக்கையும் படையின் நடையையும் மெக்கார்மிக் சொல்லும் பகுதிகளை நிலப்படத்தோடு ஒப்பிடுங்கள். தம் காலத்து அரசியல்வாதிகளை நோக்கி அவர் குரல் திரும்பும் பகுதிகளை 1940-களின் அமெரிக்க அரசியலுக்கான ஆவணமாகத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.